ஹாம்ஸ்டருக்குப் பல் கோளாறு வந்தால் பராமரிப்பது எப்படி

ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்கள் தீனிக் கிண்ணம் காலியாவதைப் பார்த்து, அது நன்றாகச் சாப்பிடுகிறது என்று நம்பிவிடுகிறோம். எங்கள் வீட்டில் வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டரின் விஷயத்தில் நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். அது தீனியைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய்த் தன் கூட்டின் மூலையில் சேர்த்து வைத்திருந்ததே தவிர, ஒரு விதையைக்கூட உடைத்துத் தின்னவில்லை. ஆகவே கிண்ணத்தை நம்பாமல் எடையை நம்புங்கள். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைத்தால், 120 கிராம் இருந்த உயிர் 108 கிராமுக்கு இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தாளில் தெரிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தீனியை எடுத்து வாயருகே கொண்டுபோய்க் கீழே போடுவது, தாடையும் கழுத்தும் எச்சிலால் நனைந்திருப்பது, புழுக்கை சிறுத்துக் குறைவது, ஒரு கண் மட்டும் நீர்வடிவது அல்லது பிதுங்குவது ஆகியவையும் பல் கோளாற்றின் அடையாளங்கள். கன்னம் ஒரு பக்கம் மட்டும் உப்பி, ஒரு நாள் கடந்தும் வற்றாமல் இருந்தால், அது சேமித்த தீனியாக இல்லாமல் சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம்.

ஹாம்ஸ்டருக்கு மொத்தம் 16 பற்கள். முன்னால் உள்ள நான்கு வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதால்தான் அவை அளவோடு நிற்கின்றன. கம்பியைக் கடித்தோ உயரத்திலிருந்து விழுந்தோ ஒரு பல் ஒடிந்துவிட்டால், அதற்கு எதிரே உள்ள பல் தேய வழியின்றி நீண்டு, வளைந்து, உதட்டையோ அண்ணத்தையோ குத்தத் தொடங்கும். கடைவாய்ப்பற்கள் அப்படி வளர்வதில்லை. ஆனால் சர்க்கரையும் தேனும் கலந்த தீனிக் குச்சிகளால் அவற்றில் சொத்தை விழும். வெட்டுப்பற்கள் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருப்பது இயல்பு, கீழ்ப்பற்கள் மேற்பற்களைவிட நீளமாக இருப்பதும் இயல்பு என்பதால், நலமாக இருக்கும்போதே ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மாலையில் அது தானாக விழித்த பிறகு, தீனித் துணுக்கைச் சற்று உயரத்தில் நீட்டினால், அது தலையை நிமிர்த்தும்போது முன்பற்களைக் காணலாம்.

நீண்ட பல்லை நகவெட்டியால் வீட்டிலேயே வெட்டிவிடலாம் என்று சொல்பவர்களைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பல் நெடுக்காகப் பிளந்து, உள்ளிருக்கும் உயிர்ச்சதை வெளிப்பட்டு, வேர்வரை சீழ் பிடிக்கக்கூடும். சிறு பிராணிகளுக்குப் பழக்கப்பட்ட கால்நடை மருத்துவர் பல்லைத் தேய்த்துக் குறைக்கும் கருவியால் இதைச் செய்வார். நாய், மாடுகளை மட்டும் பார்க்கும் மருத்துவமனைகளே நம் ஊர்களில் மிகுதி என்பதால், ஹாம்ஸ்டருக்குப் பல் வைத்தியம் செய்வீர்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்துவிடக் கூடாதே என்றுதான் மற்ற பிராணிகளை முன்னதாகப் பட்டினி போடுவார்கள், ஆனால் ஹாம்ஸ்டரால் வாந்தியெடுக்க முடியாது. ஆகவே மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும், மருத்துவர் சொல்லாமல் நீங்களாக இரவு முழுவதும் பட்டினி போடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது மருந்து. வீட்டில் மீதமிருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மாத்திரைகளை ஒரு துளிகூடக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. பென்சிலின் வகை மருந்துகளும் கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவையும் ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளைக் கொன்று, நச்சுக் கிருமிகள் பெருகச் செய்து, உயிரையே பறித்துவிடும்.

பல் சரியாகும்வரை, வழக்கமான பெல்லட்டை (கடையில் விற்கும் கெட்டியான குச்சித் தீனி) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்துக் கொடுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த முட்டையோ, குழைய வேகவைத்த ஓட்ஸோ சிறிது சேர்க்கலாம். வெங்காயமும் பூண்டும் கூடாது. குள்ள ஹாம்ஸ்டர்களுக்கு நீரிழிவு எளிதில் வரும் என்பதால் பழக்கூழைத் தவிர்ப்பது நல்லது. கூழ் பசைபோல ஒட்டினால் கன்னப்பையில் அப்பிக்கொள்ளும். ஆகவே நீர்த்த பதத்தில் இருக்கட்டும். மிஞ்சியதைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நம் வெப்பத்தில் விரைவில் புளித்துவிடும். தானாக நக்கிச் சாப்பிடாவிட்டால், ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சை வாயின் ஓரத்தில் வைத்துத் துளித்துளியாகக் கொடுத்து, ஒவ்வொரு துளியையும் விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு நாள் முழுவதும் எதையும் உட்கொள்ளவில்லை என்றால் அதை அவசர நிலையாகவே கொள்ள வேண்டும்.

உறிஞ்சு புட்டியில் நீர் குடிக்க வாய் வலிக்கும் என்பதால், ஆழமற்ற சிறு தட்டிலும் நீர் வையுங்கள். நனையும் தாடையை மென்துணியால் ஒற்றி உலர்த்தாவிட்டால் தோல் புண்ணாகும்.

ஒடிந்த பல் வேர் சேதமடையாதிருந்தால் மீண்டும் முளைத்துவிடும். எதிர்ப்பல் நீளாமல் அதுவரை கவனித்துக்கொண்டால் போதும். தாடையே கோணலாக அமைந்த ஹாம்ஸ்டருக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் பல்லைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அடிக்கடி வலி வந்தால் அந்தப் பல்லை எடுத்துவிடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், வெட்டுப்பல் இல்லாமலும் நறுக்கிய, மசித்த உணவில் அது நன்றாக வாழும். கம்பியைக் கடிக்கும் பழக்கம் இருந்தால், கம்பிக் கூண்டை மாற்றிக் கண்ணாடித் தொட்டியிலோ பெரிய பிளாஸ்டிக் பெட்டியிலோ குடிவைத்து, ஆழமாகத் தோண்ட இடமும், மருந்து தெளிக்காத ஆப்பிள் மரக் குச்சியும் கொடுங்கள்.