பரணில் கிடக்கும் கல்யாண கேசட்

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் பரணை ஒருதடவை பார்த்துவிடுங்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அக்காவின் கல்யாண வீடியோ கேசட்டை எடுத்தேன். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், நாடாச் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. அப்படி இருந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டிலும் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்து டிவிடியாக மாற்றித் தருபவரிடம் கொடுங்கள்.

டிவிடியை லேசர் ஒளி தொடாமலே படிக்கிறது, எனவே நாடாபோல ஓடி ஓடித் தேயாது. சிடியில் 700 எம்பி, சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். பலர் கவனிக்காத ஒன்று: சிடியில் தகவல் அடுக்கு லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது, மேல்பக்கம் கீறினால் போச்சு. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும்.

அதற்காக ஜன்னலோரம் போட்டுவிடாதீர்கள். நாம் பதிவு செய்யும் டிவிடியில் இருப்பது சாயப்பூச்சு, வெயிலில் வீணாகும். உறையில் போட்டு, பீரோவில் செங்குத்தாக நிறுத்துங்கள். அப்புறம், ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி.