பக்கத்துச் சீட் ஏர்பேக் சுவிட்ச்: புதுசு வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

நான் கார் வயரிங் வேலை பார்க்கிறவன். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் ஏர்பேக்கைச் சாவியால் ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சைப் பற்றிச் சொல்கிறேன். புது சுவிட்சைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்து, "ஏர்பேக் விளக்கு எரியுது, இதை மட்டும் மாட்டிக் கொடுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. மாட்டிய பிறகும் பல நேரம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். சாவி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்வது சுவிட்ச். அதைப் படித்து முடிவெடுப்பது ஏர்பேக்கின் கண்ட்ரோல் யூனிட். விளக்கு காட்டுவது அந்த முடிவைத்தான். இடையில் வயரும் கனெக்டரும் இருக்கின்றன. இந்த வழியில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுது தீரும்வரை, பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கையை முன் சீட்டில் வைக்கவே கூடாது, சாவி ஆஃபில் இருந்தாலும் சரி. ஏர்பேக் உண்மையில் அணைந்திருக்கிறதா என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

சரி, உங்கள் காரில் இருப்பது சாவி சுவிட்ச்தானா? டேஷ்போர்டின் ஓரத்தில் கதவைத் திறந்தால் தெரிகிற இடத்திலோ, கிளவ் பாக்ஸுக்குள்ளோ இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான பெரும்பாலான கார்களில், குறிப்பாக 2006-க்குப் பிறகு வந்தவற்றில், இது கிடையாது. சீட்டில் இருப்பவரைச் சென்சார் பார்த்து ஏர்பேக் தானாக அணையும். அங்கே காலி சீட்டுக்கு ஆஃப் விளக்கு எரிவது பழுதே அல்ல.

அடுத்து, இரண்டு விளக்குகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மீட்டர் பக்கம் எரியும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு வேறு. பக்கத்துச் சீட்டுக்கான ஆஃப் விளக்கு வேறு. இக்னிஷன் போட்டதும் எச்சரிக்கை விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். பல கார்களில் ஆஃப் விளக்கும் அப்போது ஒருமுறை எரிந்து காட்டும். அந்த நேரத்தில்கூட எரியாவிட்டால் சுவிட்சை விட்டுவிட்டு விளக்கையும் அதன் வயரையும் பாருங்கள். சாவியை ஆனுக்குத் திருப்பியும் ஆஃப் விளக்கு அணையவில்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை என்றால், பழைய நிலையையே சுவிட்ச் சொல்லிக்கொண்டிருக்கிறது: சாவி முழுதாகத் திரும்பவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பாகம் உடைந்து சாவி மட்டும் சுற்றுகிறது. எச்சரிக்கை விளக்கு அணையாமல் நின்றால் யூனிட்டுக்கு ஒரு கோளாறு பிடிபட்டிருக்கிறது. அது சுவிட்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேட்டரி வோல்ட் குறைந்தாலும் இது வரும். சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர் லூசானாலும் வரும்.

அதனால் ஸ்கேனர் வேண்டும். யூனிட் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டைத்தான் கோடு என்கிறோம். எஞ்சின் கோடு மட்டும் படிக்கிற மலிவான கருவி போதாது. ஏர்பேக் யூனிட்டுடன் பேசக்கூடியது தேவை. கோடு சுவிட்சைக் குறிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் லைவ் டேட்டாவில், அதாவது யூனிட் அந்த நேரத்தில் படிப்பதைக் காட்டும் திரையில், சுவிட்ச் நிலையைத் திறந்து வையுங்கள். சுவிட்சின் சாவியை எப்போதும் இக்னிஷனை அணைத்துவிட்டே திருப்புங்கள், பிறகு இக்னிஷன் போட்டுப் படியுங்கள். யூனிட் இயங்கிக்கொண்டிருக்கும்போது திருப்பினால் சில கார்களில் அதுவே புதுக் கோடு பதித்துவிடும். பழுதுக் கோடை அழித்ததும் உடனே திரும்பி வந்தால் வயர் அறுந்திருக்கலாம், ஷார்ட் ஆகியிருக்கலாம். நாள் கழித்து, குண்டு குழியில் ஓட்டிய பிறகு வந்தால் லூஸ் காண்டாக்டைச் சந்தேகியுங்கள்.

இனி சுவிட்சைக் கழற்றலாம். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருங்கள். யூனிட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில், பேட்டரி போனாலும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். புத்தகம் கையில் இல்லாதபோது நான் பத்து நிமிடத்துக்குக் குறைவாகக் காத்திருப்பதில்லை. ஓர மூடியைக் கழற்றி, கனெக்டரின் பூட்டைத் தூக்கிப் பிரியுங்கள்.

மல்டிமீட்டரைச் சுவிட்சின் பின்களில் மட்டும் வையுங்கள். வயர் பக்கம் ஒருபோதும் வேண்டாம். சில பழைய வடிவமைப்புகளில் ஏர்பேக்கின் லைனே சுவிட்ச் வழியாகப் போகும். ஆஃபில் ஏர்பேக்குக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர் இணையும். மீட்டர் விடும் சிறு மின்னோட்டம் அங்கே வெடிமருந்து வரை போய்ச் சேரும்.

மீட்டரின் பீப் சத்தத்தை நம்பிச் சோதிக்காதீர்கள். பெரும்பாலான சுவிட்சுகள் ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என இரண்டு வேறு ஓம் மதிப்பு தருபவை. பீப் வந்தால் நல்லது, வராவிட்டால் கெட்டது என்று சொல்ல வழியில்லை. ஓம் வரம்பில் வைத்து இரண்டு நிலையிலும் அளந்து, புத்தக மதிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டு ஜோடிப் பின்கள் இருந்தால் இரண்டையும். எண் அசையாமல் நிற்க வேண்டும், நிலை மாறினால் எண்ணும் மாற வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே எண் என்றாலோ, புத்தகம் சொல்லாத இடத்தில் முடிவிலி (தொடர்பே இல்லை) என்றாலோ சுவிட்ச் போய்விட்டது. சாவியை மெதுவாகத் திருப்பித் திருப்பி அளக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. காண்டாக்டைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாள் வேலை செய்யும்தான், ஆனால் ஏர்பேக் விஷயத்தில் நான் அதைச் செய்வதில்லை. மாற்றிவிடுவேன்.

ரெசிஸ்டர் ஒன்றைச் சாலிடர் பண்ணி விளக்கை அணைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். விளக்கு அணையும், சாவி எங்கே நின்றாலும் ஏர்பேக் ஒரே நிலையில் கிடக்கும். உள்ளே உட்காருபவருக்கு அது தெரியாது.

சுவிட்ச் சரியாக இருந்தால் கனெக்டரைக் கண்ணால் பாருங்கள்: பச்சை பூத்த பின், விரிந்துபோன பின், உள்ளே தள்ளப்பட்ட பின். சமீபத்தில் யாராவது டேஷ்போர்டைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். வயர் நசுங்குவது அப்போதுதான். சுவிட்சிலிருந்து யூனிட் வரை வயரைச் சோதிக்க வேண்டுமென்றால், அதை ஏர்பேக் வேலை தெரிந்த பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாக் கனெக்டரும் மாட்டிய பிறகே பேட்டரியை இணையுங்கள். அப்போது சீட்டில் யாரும் இருக்க வேண்டாம். பழுதுக் கோடை அழித்து, ஆன், ஆஃப் இரண்டிலும் இக்னிஷனை அணைத்துப் போட்டு லைவ் டேட்டாவையும் விளக்கையும் சேர்த்துப் பாருங்கள். கடைசியில் சாவியைத் தேவையான நிலையில் நிறுத்தி, உருவி எடுத்துவிடுங்கள்.