பழைய கேம்பர் வேனில் புரொப்பேனும் பெட்ரோலும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னும் ஓடும் எழுபதுகளின் ஃபோர்டு, டாட்ஜ் கேம்பர் வேன்களை (படுக்கை, அடுப்பு வசதியுள்ள வேன்கள்) பெட்ரோல், புரொப்பேன் கேஸ் என்ற இரண்டு எரிபொருளிலும் ஓடும்படி மாற்றலாம். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள எஞ்சின் என்றால் எரிபொருள் மாற்றும் சுவிட்சில் நடுவே ஒரு ‘ஆஃப்’ நிலை கட்டாயம் வேண்டும். பெட்ரோலில் ஓடும்போது நேராகப் புரொப்பேனுக்குத் தட்டினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோலும் கேஸும் சேர்ந்தே உள்ளே போய் எஞ்சின் திணறும். சுவிட்சை நடு நிலையில் வைத்து, கிண்ணத்துப் பெட்ரோல் தீர்ந்து இழுவை குறையத் தொடங்கும்வரை ஓட்டுங்கள். அப்புறம் கேஸைத் திறங்கள்.

சமையல் சிலிண்டரிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் இழுக்கவே வேண்டாம், ஆபத்து. அடுப்புக்கு ஆவி போதும். எஞ்சினுக்கோ திரவமாக எடுத்து, ரேடியேட்டர் சுடுநீர் சுற்றும் வேப்பரைசரில் ஆவியாக்க வேண்டும். வாகனத்துக்கென்றே செய்த டாங்கியை, உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் பொருத்துங்கள். அதையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.

லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் புரொப்பேனில் ஆற்றல் கால் பங்குக்குமேல் குறைவு, மைலேஜும் அப்படியே இறங்கும். சிக்கனக் கணக்கை அதை வைத்தே போடுங்கள். கசிந்தால் காற்றைவிடக் கனமான இந்த வாயு கீழேதான் தேங்கும், எனவே கேஸ் கண்டறியும் கருவியைத் தரையோரம் மாட்டுங்கள்.