தேவசித்தம் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பன்னிரண்டு மணி தாண்டியதும் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு வரிசையாக வரும். ஜெபித்துக்கொண்டே ஆளுக்கு ஒன்று எடுப்போம். ஒரு வருஷம் என் கைக்கு வந்தது எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று தொடங்கும் வசனம். அப்போது எனக்கு 26 வயது. கணக்கு எழுதும் வேலை, அது துளியும் பிடிக்கவில்லை. சரி, இந்த வருஷம் கர்த்தர் நம்மை இங்கிருந்து எடுத்துவிடுவார் என்று நம்பி, அட்டையை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். வேலையில் மனம் வைப்பதையும் அத்தோடு விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழித்துத்தான் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லியிருந்தார். எல்லாருக்கும் கேட்கப் பிடித்த வார்த்தை. எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அதுவரைக்கும் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். இதெல்லாம் சொன்ன பிறகுதான் 11-ம் வசனம் வருகிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்பது அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

பிடிக்காத இடத்தில் தோட்டம் போடு என்று சொன்ன கடிதத்தை வைத்துக்கொண்டு நான் மூட்டை கட்டிக் காத்திருந்தேன். வசனத்தை முன்பின் பார்க்காமல் பிய்த்தெடுப்பது நம்மில் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. அட்டை எடுப்பதை நான் குறைசொல்லவில்லை. என் அம்மா தன் அட்டைகளையெல்லாம் இன்றும் வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். எடுத்த வசனத்தின் அதிகாரத்தை முழுசாக ஒருமுறை வாசித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, ஊழியத்தையும் வேலையையும் இரண்டாகப் பிரிப்பது. ‘ஏதாவது ஊழியம் செய்கிறீர்களா தம்பி?’ என்று சபையில் கேட்டால் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, கைப்பிரதி கொடுப்பது இவற்றைத்தான் சொல்வோம். திங்கள் முதல் சனி வரை செய்வதெல்லாம் ‘உலகப்பிரகாரமான வேலை’. இதனால் ஏற்படும் சேதம் அதிகம். பஸ் ஓட்டுகிறவர், தையல் வேலை செய்கிறவர், மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாய் எல்லாரும் ‘நான் கர்த்தருக்கென்று ஒன்றும் செய்யவில்லையே’ என்ற பாரத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான்ஸ்நானனிடம் வந்து ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்?’ என்று கேட்கிறார்கள். ஆயம் வசூலிப்பது ஜனங்கள் வெறுத்த தொழில். அதை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வா என்று யோவான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் ஒன்றும் வாங்காதே என்றார். சேவகரிடம், ஒருவரையும் இடுக்கண் செய்யாதே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, சம்பளமே போதுமென்று இரு என்றார். மறுநாள் அதே இடத்தில் போய் உட்கார்ந்து, அதே கைகளால் செய்து காட்டவேண்டிய மனந்திரும்புதல் அது. ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற விசுவாசி, நீட்டப்பட்ட கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பாட்டியின் மனுவை அன்றைக்கே நகர்த்தினால், அது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்த ஆராதனை இல்லை. பவுலே கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர். நம் ஆண்டவர் வெளியரங்கமாக ஊழியம் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயது. அதற்கு முன் நாசரேத்தில் அவரைத் தச்சனாகத்தான் தெரியும். முழுநேர ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றவர்கள் உண்டு, அவர்கள் சபைக்கு வேண்டும். ஆனால் எல்லாருடைய அழைப்பும் அது ஆகாது.

மூன்றாவது தவறை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் செய்தவன் நான். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த காலம். எனக்கு வெள்ளி இரவு முழு இரவு ஜெபம், சனிக்கிழமை கிராம ஊழியம், ஞாயிறு இரண்டு ஆராதனை. ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கட்டிலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். தனியாகத் திருப்ப முடியாமல், பழைய சேலையை மடித்து அவர் முதுகுக்கு அடியில் ஒரு பக்கமாகச் செருகி வைத்திருந்தார். விரிப்பு நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், ‘கூட்டம் நல்லா இருந்துச்சாப்பா? சாப்பிட்டியா?’ என்றார். அதில் குத்தலே இல்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்கமுடியாதது.

மாற்கு 7-ல் ஆண்டவர் கண்டித்த ‘கொர்பான்’ இதேதான். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டியதை ‘இது தேவனுக்குக் காணிக்கை’ என்று சொல்லி விலகிக்கொள்வது. உங்கள் வீட்டில் ஒருவர் உங்கள் கைக்காகக் காத்திருக்கும்போது, அடுத்த கூட்டத்தின் தேதியைக் குறிக்குமுன் கொஞ்சம் நில்லுங்கள்.

அப்புறம், அடையாளம் கேட்டுக்கொண்டே இருப்பது. இதற்கு, போருக்குப் போகுமுன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்ட கிதியோனைத்தான் சாட்சிக்கு இழுப்போம். அவர் தோலைப் போடுவதற்கு முன்பே ‘போ’ என்ற கட்டளை தெளிவாகக் கிடைத்துவிட்டது. தெரிந்ததைச் செய்யப் பயந்துதான் மறுபடி மறுபடி கேட்டார். கர்த்தர் பொறுமையாகப் பதில் கொடுத்தார், அது அவருடைய தயவு. நியாயம் செய், இரக்கத்தை நேசி, மனத்தாழ்மையாய் நட என்று மீகா 6:8 சொல்லியிருப்பதற்கு எந்தத் தோலும் தேவையில்லை.

வாலிபர் கூட்டங்களில் அழைப்பைப் பற்றிப் பேசும்போது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் கதையைச் சொல்லாதவர் குறைவு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர், ஆனால் ஆண் என்பதால் அவரை ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். மிஷனெரியாகவே மாட்டேன் என்றிருந்த ஐடா அன்று மனம் மாறினார். கேட்கும் பிள்ளைகள் தங்களுக்கும் அப்படி ஓர் இரவு வரும் என்று காத்திருக்கத் தொடங்குகிறார்கள். நானும் காத்திருந்தேன். அந்த இரவுக்குப் பின் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் முடித்ததும், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கியதும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்ததும் அவசரமாகக் கடந்துபோகிற வரிகளாகிவிடுகின்றன. இன்னொரு வரியை நாம் சொல்வதே இல்லை. அந்த இரவில் ஐடா திண்டிவனத்தில் இருந்ததற்குக் காரணம், உடம்பு சரியில்லாத தன் அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்திருந்ததுதான்.