காப்பகத்து நாய் வீட்டுக்கு வருகிறதா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காப்பகத்தில் ஒரு நாயைப் பார்த்துப் பிடித்துப்போய், "சரி, கூட்டி வந்துவிடலாம்" என்று முடிவு செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை வீட்டில் நாயே வளர்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த நாய்க்கு ஆரம்பத்தில் பாசத்தைவிட அதிகம் தேவைப்படுவது மாறாத வழக்கம். அதே நேரத்தில் சோறு, அதே மூலையில் படுக்கை, நடைக்கு அதே ஆள். இது அமைந்துவிட்டால் பாசத்தை அதுவே வந்து கேட்கும், அப்போது அள்ளிக் கொடுங்கள்.

படி 1: காப்பகத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

ஒரே தடவை போய்ப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டி வராதீர்கள். இரண்டு முறையாவது போங்கள், வீட்டில் இருக்கும் எல்லோரும் போங்கள். கூண்டுக்குள் குதித்துக்கொண்டே இருக்கும் குட்டிதான் முதலில் கண்ணில் படும். ஆனால் முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு இரண்டு, மூன்று வயதான நாய்தான் நல்லது என்பது என் கருத்து. அதன் குணம் என்னவென்று அங்கே வேலை செய்பவர்களுக்கே தெரியும். குட்டி எப்படி வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்டு நாய் என்று தயங்கவே வேண்டாம். நம் ஊர் வெயிலைத் தாங்கும் உடம்பு அதற்குத்தான் உண்டு.

தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான ஊசியும் எந்தத் தேதியில் போட்டார்கள், அடுத்து எப்போது என்று அதில் இருக்கும். கருத்தடை ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள். தெருவில் பிடித்துக் கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்திருப்பார்கள். அதைப் புண் என்று நினைக்க வேண்டாம். அப்புறம், அது எதைக் கண்டால் பயப்படும் என்று கேளுங்கள். துடைப்பம், ஹெல்மெட் போட்ட ஆள், இரும்புக் கதவுச் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கும். கடைசியாக, அது படுத்திருந்த சாக்கையோ பழைய துணியையோ துவைக்காமல் அப்படியே வாங்கி வாருங்கள். தெரியாத வீட்டில் தெரிந்த வாசனை என்று அது ஒன்றுதான் இருக்கும்.

படி 2: ஒரு மூலை போதும்

வீடு முழுவதையும் முதல் நாளே திறந்து விடாதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் அந்தத் துணி, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், போதும். கட்டிலுக்கு அடியில் என்றால் இன்னும் நல்லது. எலி மருந்து, பினாயில், மாத்திரை எல்லாம் எட்டாத இடத்துக்குப் போகட்டும். மொட்டை மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, கேட்டுக்கு அடியில் தலை நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் "நாய் வளர்க்கவே கூடாது" என்று சங்கம் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதற்காகச் சண்டையில் தொடங்க வேண்டியதில்லை. மாடிப்படியில் நாய் அசிங்கம் செய்தால் நாமே சுத்தம் செய்வோம் என்று முதலிலேயே சொல்லிவைத்தால் பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள்.

படி 3: கூட்டி வரும் நாள்

விடுமுறை தொடங்கும் நாளின் காலை நேரம் சரியாக இருக்கும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் வாரமும் தீபாவளி வாரமும் வேண்டவே வேண்டாம். மேளமும் வெடியும் கேட்டுக்கொண்டே ஒரு நாய் புது வீட்டுக்குப் பழக முடியாது.

புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். நமக்கே குமட்டும், வண்டியே ஏறாத நாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். மெதுவாக ஓட்டி, பாதி வழியில் நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

வண்டிக் கதவைத் திறப்பதற்கு முன்னால் பெல்ட்டும் கயிறும் மாட்டியிருக்க வேண்டும். கழுத்துப் பெல்ட்டோடு மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸும் இருந்தால் பத்திரம். பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப் பெல்ட் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். தத்தெடுத்த நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த முதல் சில நாட்களில்தான். ஐந்து ரோடு பக்கமோ ஜங்ஷன் பக்கமோ மிரண்டு ஓடினால் திரும்பி வர அதற்கு வழி தெரியாது. உங்கள் போன் நம்பர் எழுதிய வில்லை ஒன்றை அன்றைக்கே பெல்ட்டில் மாட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன், அது மூத்திரம் போக வேண்டிய இடத்துக்கு நேராகக் கூட்டிப் போய் நில்லுங்கள். போகும்வரை பொறுத்திருந்து, அப்புறம் உள்ளே கூட்டி வாருங்கள்.

படி 4: முதல் மூன்று நாட்கள், தொந்தரவு செய்யாமல்

காப்பகக்காரர்கள் மூன்று, மூன்று, மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பதற்றம் அடங்க 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம். தோராயக் கணக்குதான். ஆனால் அந்த முதல் மூன்று நாளில்தான் வளர்ப்பவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் நாய் செவலை அம்மாபேட்டை வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போனாள். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு முகத்தை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடத் தொடங்கினால் இரண்டு காதும் பின்னால் ஒட்டிக்கொள்ளும், தறி நின்றால் மெதுவாக எழும்பும். வைத்த சோறு வைத்தபடியே இருந்தது.

"ஏங்கண்ணு, சோத்தைத் தொடவே மாட்டேங்குதே, புடிச்சு ஊட்டி விடட்டுமா?" என்று கேட்டார் அத்தை.

"வேண்டாங்க அத்தை, விளக்கை அணைச்சிட்டு நாம போயிடலாம்" என்றேன்.

காலையில் தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் சாப்பிடுவது பயந்த நாய்களின் இயல்பு. ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடாததற்குப் பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை அதே நேரத்துக்கு மறுபடி வையுங்கள்.

இந்த நாட்களில் குளிப்பாட்டாதீர்கள். நாற்றம் அடித்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். நேருக்கு நேராகக் குனிந்து தலையைத் தடவாதீர்கள், அதற்கு அது மிரட்டல் மாதிரி தெரியும். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பூ கட்டலாம், பேப்பர் படிக்கலாம். வந்து மோந்து பார்த்தால் கையை அசைக்காமல் இருங்கள். தொட்டால் மார்பிலோ கழுத்தின் பக்கத்திலோ தொடுங்கள்.

தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, வாலைக் காலுக்கு நடுவே சொருகிக்கொள்வது எல்லாம் "கொஞ்சம் தள்ளிப் போ" என்று அது சொல்வதுதான். உறுமினாலும் அடிக்காதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடித்துவிடும்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் குடிக்கவில்லை, தொடர்ந்து வாந்தி, இரத்தம் கலந்த பேதி என்றால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். குட்டிக்கு வந்தால் அது பார்வோவாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

படி 5: சாப்பாடு

முதல் சில நாள் காப்பகத்தில் என்ன போட்டார்களோ அதையே போடுங்கள். பிறகு ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதலில் கால் பங்கு புதுச் சாப்பாடு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். ஒரேயடியாக மாற்றினால் பேதி நிச்சயம்.

உப்பு, காரம், மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும், அவித்த முட்டை, கொஞ்சம் கேரட், பூசணி நல்லது. நீண்ட நாளைக்கு இதே சாப்பாடு என்றால் சத்துக் குறையாமல் இருக்க டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், அதனால் மீந்த குழம்பு கூடாது. பிள்ளைகள் ஆசையாகக் கொடுக்கும் தட்டுவடை செட்டும் கூடாது, அதிலும் வெங்காயம், பூண்டுச் சட்னிதான். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் விஷம். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். பால் பல நாய்களுக்குச் செரிக்காது.

சேலத்தில் வளரும் நாய்க்கு இன்னொரு ஆபத்து மாங்கொட்டை. சீசனில் கூடை கூடையாக வீட்டுக்கு வரும். சதை ஒரு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாது. கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன்வரை போகும். சப்பிய கொட்டையை மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

படி 6: நடை

முதல் வாரம் வீட்டைச் சுற்றியோ மாடியிலோ நடந்தால் போதும். அப்புறம் தெருவில் ஒரே வழியில், ஒரே நேரத்தில் போங்கள். தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் குலைக்கத்தான் செய்யும். தினமும் அதே நேரம் பார்த்தால் அவையும் மெல்ல மெல்லப் பழகிவிடும். நின்று முறைக்க விடாமல் நடந்துகொண்டே இருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்பும் இருட்டிய பிறகும் மட்டும்தான். புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதம் வெந்துபோகும்.

ஏற்காடு பக்கம் வெயில் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினைகள் உண்டு. மழைக்காலத்தில் அட்டை ஏறும், விரல் இடுக்கிலும் காதிலும் பாருங்கள். காபித் தோட்டத்துக்குள் அவிழ்த்து விடவே கூடாது. சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் இருக்கின்றன. நாய் துரத்திக்கொண்டு போய், பிறகு பயந்து உங்களிடமே ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும்.

படி 7: முதல் வாரத்துக்குள் டாக்டர்

அரசு கால்நடை மருத்துவமனையே போதும். தலைவாசல் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே அருகில் இருக்கிறது. குடற்புழு மருந்து, உண்ணி மருந்து இரண்டையும் எடைக்கு ஏற்ற அளவில் டாக்டர் சொல்லட்டும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து கிடக்கும், ஈறு வெளுத்திருக்கும். "புது இடம், அதனால் டல்லாக இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது. ரேபிஸ் ஊசியை டாக்டர் சொல்லும் தேதிக்குத் தவறாமல் போட வேண்டும். நகம் கீறினாலும் கடித்தாலும், ஊசி போட்ட நாய்தானே என்று இருக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 8: மூன்றாவது வாரம்

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று குலைக்கும், செருப்பைக் கடிக்கும். "நல்லாத்தானே இருந்துச்சு" என்று தோன்றும். இது நல்ல செய்தி. பயம் போனதால்தான் தன் குணத்தைக் காட்டுகிறது. செருப்பை எடுத்து வைத்துவிட்டுக் கடிப்பதற்கு வேறு ஏதாவது கொடுங்கள். வீட்டுக்குள் மூத்திரம் போனால் திட்டாமல் துடையுங்கள். எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப் போய், அங்கே போனால் அந்த இடத்திலேயே ஒரு துண்டு கோழி கொடுங்கள்.

தனியாக இருக்கவும் இப்போதே பழக்குங்கள். கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடத்தில் வாருங்கள், அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் கடைக்குப் போகும் நேரம். போகும்போதும் வரும்போதும் கொஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள்.

பூனை என்றால்

ஒரே அறை, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, மூத்திரம், மலம் போக ஒரு தட்டில் மணல். சில வாரங்களுக்கு வெளியே விடாதீர்கள், விட்டால் பழைய இடத்தைத் தேடிப் போய்விடும். நாயைப்போலச் சாப்பிடாமல் இருக்க விட முடியாது. ஒரு நாளைக்கு மேல் பட்டினி கிடந்தால் கல்லீரல் பாதிக்கும், டாக்டரிடம் போங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துப்போகும்.

படி 9: மூன்று மாதம் ஆன பிறகு

மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டித் தூங்குகிறதா? நீங்கள் அறை மாறினால் எழுந்து வந்து பக்கத்தில் படுக்கிறதா? பழகிவிட்டது என்று அர்த்தம். செவலை இப்போது தறிச் சத்தத்தில்தான் தூங்குகிறாள், தறி நின்றால் எழுந்து பார்க்கிறாள்.

எவ்வளவு முயன்றும் ஒத்துவரவில்லை என்றால் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் திட்ட மாட்டார்கள், வழி சொல்வார்கள், தேவைப்பட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தெருவில் விட்டுவிட்டு வருவது மட்டும் கூடாது. பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஒத்துவந்தாலும் காப்பகத்துக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இரண்டு போட்டோ, என்ன வயதில் வந்தது, எதற்குப் பயந்தது, எத்தனை வாரத்தில் சரியானது என்று நாலு வரி. "வயசான நாய், கூச்ச சுபாவம்" என்று யாரும் எடுக்காமல் விட்ட இன்னொரு நாயைப் பற்றி அடுத்து வருகிறவர் கேட்கும்போது, அங்கே இருப்பவர்கள் அந்தப் போட்டோவைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.