பாயிண்ட் மாறவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மாடல் ரயில் தளத்தில் பாயிண்ட் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்) மாறாமல் நின்றால் கை நேராக அதை நகர்த்தும் மோட்டாருக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் கோளாறு பாதையில் ஒட்டிய பசையிலோ, மெல்லிய ஒயரிலோ, உப்புக் காற்றிலோ இருக்கும். புதுச்சேரி குருசுக்குப்பம், கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் மூன்றாவதன் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாயிண்டைத் தள்ளும் மோட்டார் கம்பியை அதிலிருந்து விடுவியுங்கள். இப்போது பல்குத்தும் குச்சியால், இரண்டு டங் ரயிலையும் (பாயிண்டில் நகரும் கூர்முனைத் தண்டவாளங்கள்) இணைக்கும் குறுக்குப்பட்டையை இரு பக்கமும் தள்ளுங்கள். இறுக்கமாக இருந்தால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். டங் ரயில் சறுக்கும் கட்டைகளில் ஜல்லித் துகளோ காய்ந்த பசையோ இருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, மென்மையான 2பி பென்சிலை லேசாகத் தேய்த்தால் போதும். அதிகம் தேய்க்காதீர்கள், பென்சில் கரி மின்சாரம் கடத்தும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் கூடாது. ஒரே மாதத்தில் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது தாள் சோதனை. பஸ் டிக்கெட்டில் ஒரு கீற்று கிழித்து, மூடிய டங் ரயிலின் நுனிக்கும் ஸ்டாக் ரயிலுக்கும் (அது போய் ஒட்டும் நகராத தண்டவாளம்) நடுவே வைத்து இழுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் பாயிண்ட் முழுதாக மூடவில்லை. பெரிய ரயில்வேயில் இதே இடத்தில் 5 மி.மீ. கட்டையை வைத்து, பாயிண்ட் பூட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். எச்ஓ (1:87) அளவு மாடலுக்கு 5 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 0.06 மி.மீ. வரும், அது தாளின் தடிமன்தான்.

மொட்டைமாடி அறையில் தளம் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. 3 மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முக்கால் மி.மீ. நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் அந்த நெருக்கல் பாயிண்டைத்தான் கோணலாக்கும். காலையில் சரியாக மாறி மத்தியானம் சிக்கினால் காரணம் இதுதான்.

கையால் லேசாக மாறுகிறது, மோட்டாரால் மாறவில்லை என்றால் இனி மின்சாரம். பக்கத்துக்கு ஒரு சுருள் என்று சட்டென அடித்து நகர்த்தும் இரட்டைச் சுருள் மோட்டாரில் (பெக்கோ வகை) பட்டனை அழுத்தியதும் வரும் சத்தத்தைக் கேளுங்கள். 'டக்' என்று பலமாக அடித்தும் மாறாவிட்டால் கம்பியின் பொருத்தம் தவறு. சோம்பலாக 'டிக்' என்றால் மின்னழுத்தம் போதவில்லை. சத்தமே இல்லையென்றால் மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, பொது ஒயருக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, சில ஓம்தான் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் '1' அல்லது 'ஓஎல்' காட்டினால் சுருள் எரிந்திருக்கும், இல்லையேல் சால்டர் விட்டிருக்கும். முதலில் சால்டரைப் பாருங்கள்.

சோம்பல் அடிக்குக் காரணம் பெரும்பாலும் ஒயர். இந்தச் சுருள்கள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 3 ஆம்பியர் வரை இழுக்கும். 0.2 சதுர மி.மீ. ஒயரில் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 1 சதுர மி.மீ. வீட்டு ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். பொது ஒயருக்காவது அதைப் போடுங்கள்.

கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாகக் கொடுக்கும் கருவி) இல்லாமல் இரட்டைச் சுருளை ஓட்டுவது வீண் சிக்கனம். 16 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் உச்சம் 22 வோல்ட்டைத் தாண்டும். அதனால் 4700 மைக்ரோபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டராக வாங்குங்கள். 25 வோல்ட் வேண்டாம். யூனிட் போட்ட பிறகு எல்லாப் பாயிண்டும் ஒரே நேரத்தில் செத்துவிட்டால் பதற வேண்டாம். எங்கோ ஒரு பட்டன் அழுத்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு கெப்பாசிட்டரை நிரம்ப விடாமல் தடுக்கிறது. பட்டன் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று அகப்பட்டுவிடும். போட்ட நிலையிலேயே நிற்கும் சாதாரண டாகிள் சுவிட்சை மட்டும் இந்த மோட்டாருக்குப் போடாதீர்கள், மின்சாரம் விடாமல் பாய்ந்து சுருள் கருகும்.

டார்ட்டாய்ஸ் மாதிரி மெதுவாக நகரும் மோட்டார் வேறு சாதி. கடைசி வரை போய் முட்டி நின்றாலும் 12 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியரைக்கூட எடுக்காது, எரியவும் எரியாது. இதில் சிக்கல் எஃகுக் கம்பியில்தான். பலகை தடிமனாக இருந்தால் கூடவே வரும் மெல்லிய கம்பி வளைந்துகொடுத்து, டங் ரயில் பாதியில் நிற்கும். 0.8 மி.மீ. கம்பிக்கு மாறுங்கள். பெக்கோ பாயிண்ட் என்றால் உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங்கையும் எடுத்துவிட வேண்டும்.

எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) 'உர்ர்' என்று விடாமல் உறுமினால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித் தள்ளுகிறது என்று அர்த்தம், கோணத்தைக் குறையுங்கள். துடித்தால் 5 வோல்ட்டைத் தனி சப்ளையிலிருந்து கொடுத்து, கிரவுண்டைப் பொதுவாக இணைத்து, சர்வோ பக்கத்தில் 470 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். கரண்ட் போய் வரும்போது சர்வோக்கள் ஒரு உதறு உதறும். பாயிண்ட்களைச் சரியாக நிறுத்திவிட்டே தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுங்கள்.

பாயிண்ட் ஒழுங்காக மாறுகிறது, இன்ஜின் மட்டும் அதன் மேல் நிற்கிறதா? டங் ரயில் ஸ்டாக் ரயிலைத் தொடும் இடத்தில் கறுப்புப் படலம் பிடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கடலோரத்தில் இது சீக்கிரமே வரும். இரண்டுக்கும் நடுவே மீட்டர் 1 ஓமுக்கு மேல் காட்டினால் ஆல்கஹாலால் துடையுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் இரண்டையும் மெல்லிய ஒயரால் சால்டர் வைத்து இணையுங்கள். இரண்டு டங் ரயிலும் ஒன்றுக்கொன்று மின்தொடர்பு இல்லாத பாயிண்டில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். சக்கரம் கிராசிங்கை (இரு பாதைகளின் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) தொட்டதும் கன்ட்ரோலர் டிரிப் ஆனால், பாயிண்டோடு சேர்ந்து கிராசிங்கின் மின்முனையை மாற்றும் மைக்ரோ சுவிட்சின் இரண்டு வெளி ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்.