காய்ச்சல் போன பிறகு தோலில் கிளம்புவது: நாம் செய்யும் தவறுகள்

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் நுளம்புப் பேச்சுத்தான். டெங்குவோ சிக்குன்குனியாவோ, காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில் உதிரும் சிவந்த படை கிளம்பினால்தான் வீட்டில் குழப்பம். உடனே கிரந்தி என்று பெயர் வைத்து இறாலையும் நண்டையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிடுகிறோம். ஒவ்வாமை இல்லாதவருக்கு இந்தப் பத்தியத்தால் உடம்பு மெலியுமே தவிரப் படை மெலியாது.

அது பெரும்பாலும் சொரியாசிஸ். பரம்பரையாக அந்த இயல்பு உள்ளவர்களில், வைரஸை எதிர்க்க எழுந்த நோய் எதிர்ப்புத் தொகுதி, வேலை முடிந்தும் அடங்காமல் தோலைத் தாக்குகிறது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களில் சிக்குன்குனியாவுக்குப் பின் அது கடுமையாவதும் உண்டு. காய்ச்சலோடு தொடங்கியதால் இதுவும் தொற்றும் என்று நினைத்து, தனித் தட்டும் தனித் துவாயும் ஒதுக்குகிறார்கள். சொரியாசிஸ் தொற்றாது. தொற்றுவது கொப்பளிப்பான், அதுவும் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும் வரைதான்.

எல்லாவற்றிலும் கெட்டது, பாமசியில் போய் "கடிக்கு (அரிப்புக்கு) ஒரு ரியூப் தாருங்கள்" என்று கேட்பது. கிடைப்பது பல வேளைகளில் கடுமையான ஸ்டீரொயிட் கிறீம். மூன்று நாளில் கடி அடங்கும். அந்த நம்பிக்கையில் மாதக்கணக்கில் பூசுவார்கள். தோல் மெலியும், வரிகள் விழும், நிறுத்தினால் படை முன்னையிலும் வேகமாகத் திரும்பும். சிக்குன்குனியா மூட்டு வலிக்கு ஸ்டீரொயிட் குளிசை எடுத்துத் திடீரென நிறுத்தினால், சொரியாசிஸ் உள்ளவருக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளமே வரலாம். அதே வலிக்குக் கொடுக்கப்படும் ஹைட்ரொக்சிகுளோரோகுவினும் சிலருக்கு இந்த நோயைக் கிளறும். ஆகவே மூட்டு வலிக்குப் போகும்போது பழைய படையைப் பற்றி டொக்டரிடம் வாய் திறக்க வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருப்பது நம் ஊர்ப் பழக்கம்.

சிக்குன்குனியாவுக்குப் பின் மூக்கு கறுத்தால் வெளுக்கும் கிறீம் வேண்டாம். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாக மங்கும்.

தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா, குழந்தைகளில் வேறு கதை. உதட்டோரத்தில் ஹெர்பிஸ் கொப்புளம் உள்ள ஒருவர், பாசத்தோடுதான், எக்ஸிமா உள்ள குழந்தையைக் கொஞ்சுகிறார். வெடித்த தோல் வழியே வைரஸ் பரவுகிறது. ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து, உடைந்து, துளைத்தெடுத்தாற்போல் வட்டப் புண்களாகும், காய்ச்சலும் சேரும். இதை அம்மாள் என்று வேப்பிலை போட்டு வீட்டில் வைத்திருப்பதும், எக்ஸிமா கூடிவிட்டது என்று பழைய கிறீமையே இன்னும் தடிப்பாகப் பூசுவதும் ஆபத்து. இதற்கு அசைக்குளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டும். கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். புண் கண்ணருகே என்றால் கண் டொக்டரும் பார்க்க வேண்டும்.